இரண்டையும் சேர்த்துத் திறக்காதே

பனிக்காரர் என்றால் ஐஸ் விற்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் ஆஸ்பத்திரி ஊழியர். கட்டிடத்துக்குப் பின்னால், சலவை அறையையும் தாண்டிப் போனால், கம்பிவேலி போட்ட ஒரு சிமெண்டுத் தளம் வரும். அதன் நடுவில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. உள்ளே இருப்பது பிராணவாயு. ஆனால் வாயுவாக இல்லை. உறைய வைக்கிற குளிரில், தண்ணீர் மாதிரி திரவமாகக் கிடக்கிறது. வேலியோரம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், அழுத்தம் காட்டுகிற ஒரு மானி. பதினாறு வருஷமாக அவருடைய ஆபீஸ் அதுதான். அதற்கு முன்னால் சாயப்பட்டறை ஒன்றில் இருபது வருஷம் கொதிகலன் பார்த்தவர். பாதி ஆயுசு நெருப்போடும் மீதி ஆயுசு பனியோடும் போய்விட்டது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

பிழைத்துப் போகிறவர்கள் டாக்டரைக் கும்பிடுவார்கள், நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். கொட்டகைப் பக்கம் யார் வருவார்கள்? சுவரில் இருக்கிற ஓட்டையில் குழாயைச் செருகினால் காற்று வருகிறது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கிறான் என்று யாருக்கும் தோன்றாது. பனிக்காரர் அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என்னை யாரும் தேடவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம் என்பார்.

அவருடைய வேலை இன்னதென்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். தொட்டியிலிருந்து கிளம்புகிற திரவம் நேராக வார்டுக்குப் போகாது. போனால் ஆளைக் கொன்றுவிடும். நடுவில் இரண்டு பெரிய அலுமினியக் கூடுகள் நிற்கின்றன. வரிசை வரிசையாக நெட்டுக் குழாய்கள், ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் விரிந்த தகடுகள். இன்ஜினியர்கள் அதை வேப்பரைசர் என்பார்கள். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அது சிறகு. இடது சிறகு, வலது சிறகு. அதில் நெருப்பு கிடையாது, மின்சாரம் கிடையாது. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டைத் தகடுகள் வாங்கிக் கொடுக்கும், உள்ளே ஓடுகிற திரவம் அதை வாங்கிக்கொண்டு வாயுவாகும். ஓடுகிற சிறகின் மேல் பனி பிடித்துக்கொண்டே போகும். ஆறு மணி நேரம் ஆனதும் அதை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். ஓய்வில் நிற்கிற சிறகு வெயிலிலும் காற்றிலும் பனியை உதிர்த்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருக்கும். இரண்டு மணி, எட்டு மணி; மறுபடி இரண்டு மணி, எட்டு மணி. கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. சிவப்பு எழுத்தில், ‘இரண்டையும் சேர்த்துத் திறக்காதே’. இரண்டும் ஒன்றாக ஓடினால் இரண்டிலும் பனி அடைத்துவிடும், மாற்றிவிட ஒன்று மிஞ்சாது. எழுதினவர் பனிக்காரர்தான். கோணல்மாணலான எழுத்து, ஆனால் தூரத்திலிருந்தே படிக்கலாம்.

பனி ஏன் பிடிக்கிறது என்பதை அவருக்கு விளங்க வைத்தவர் அவருடைய மனைவி. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவர். தெருவே அவரை டீச்சர் என்று கூப்பிட்டதில் பனிக்காரருக்கும் அதுவே பழகிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள், இவ்வளவு வெயிலில் குழாய் மேல் எப்படிப் பனி என்று அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, டீச்சர் காய் நறுக்கிக்கொண்டே பாடம் எடுத்தார்.

“இதுல என்னங்க அதிசயம்? எல்லாப் பொருளும் சின்னச் சின்னத் துகள்தான். சும்மா இருக்காது, ஆடிக்கிட்டே இருக்கும். ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டும் இருக்கும். இழுப்பு ஜெயிச்சா கெட்டி. ஆட்டம் ஜெயிச்சா காத்து. ரெண்டும் சரிக்குச் சரி மல்லுக்கட்டுனா தண்ணி.”

“அப்ப என் தொட்டியில இருக்கறது?”

“அதுக்கு இழுப்பு ரொம்பக் கம்மி. கொஞ்சம் சூடு கெடச்சாலே பிச்சுக்கிட்டுப் பறந்துடும். அதான் அவ்வளவு குளிர்ல போட்டு அடக்கி வச்சிருக்காங்க. வெளிய வரும்போது, பக்கத்துல இருக்கற காத்துக்கிட்ட இருந்து சூட்டப் பிடுங்கிக்குது. பறிகொடுத்த காத்துல ஈரம் இருக்குல்ல, அதுக்குத் தெம்பு போயிடுது. அப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தகடு மேல உக்காந்துடுது. அதுதான் உங்க பனி.”

“உக்காந்தா என்ன போச்சு?”

“போர்வையப் போத்திக்கிட்டவருக்கு வெளிய வெயில் அடிச்சா என்ன தெரியும்? சூடு உள்ள போகாது. உள்ள இருக்கறது தண்ணியாவே நிக்கும்.”

வகுப்பில் டீச்சர் இதைச் சொல்லித் தருகிற விதமே தனி. பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கைகோத்து நெருக்கமாக நிற்க வைப்பார். நின்ற இடத்திலேயே ஆடுங்கள் என்பார். அது கெட்டி. பிறகு, ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கையைப் பிடித்து நகர்ந்துகொண்டே இருங்கள் என்பார். அது தண்ணீர். கடைசியில், கையை விட்டுவிட்டு ஓடுங்கள் என்பார். ஓடின பிள்ளைகளைத் திரும்பப் பிடித்து வகுப்பில் உட்கார வைப்பதற்குள் மணி அடித்துவிடும். “கைய விடணும்னா தெம்பு வேணும். அந்தத் தெம்புக்குப் பேர்தான் சூடு” என்று கரும்பலகையில் எழுதிப் போடுவார்.

அந்த டீச்சர்தான் இப்போது இரண்டாம் மாடியில் பதினோராம் கட்டிலில் படுத்திருந்தார். பத்து நாளாக விடாத மழை. வகுப்பில் யாரிடமிருந்தோ ஒட்டிக்கொண்ட சளி நெஞ்சில் இறங்கி, இரண்டு நுரையீரலையும் அடைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அதே கதை. முப்பது கட்டிலுக்குக் குழாய் போட்ட ஆஸ்பத்திரியில் அறுபத்திரண்டு பேர் முகமூடியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிப்டு பார்க்கிறவரும் காய்ச்சலில் விழுந்து, அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் கிடந்தார். பனிக்காரர் மூன்று நாளாக ஒற்றை ஆளாக இரண்டு ஷிப்டும் பார்த்தார். கிடைக்கிற இடைவெளியில் மாடிக்கு ஓடுவதும், கட்டிலோரம் ஐந்து நிமிஷம் நிற்பதும், கீழே ஓடுவதுமாக இருந்தார்.

தப்பு நடந்தது மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு. மானியின் முள் நான்கிலிருந்து லேசாக இறங்கியது. மாடியிலிருந்து நர்ஸ் போன் செய்து, டீச்சருக்கு மூச்சு இரைக்கிறது, காற்று போதவில்லை என்றார். ஒரு சிறகால் இத்தனை பேருக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்? ஓய்வில் இருக்கிற சிறகில் தண்ணீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி ஓட்டியிருக்க வேண்டும். மழையில் நின்று பார்க்கிற வேலை அது. அவர் பலகையைப் பார்த்தார். தானே எழுதினதுதானே என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாவது வால்வையும் திறந்துவிட்டார். முள் சட்டென்று நான்குக்கு ஏறியது. எட்டு மணிக்கு வந்து ஒன்றை மூடிவிடலாம் என்று மாடிக்குப் போனார்.

டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எட்டு மணிக்குப் பனிக்காரர் கையை உருவப் பார்த்தார். டீச்சர் கண்ணைத் திறந்து பார்த்தார். முகமூடிக்குள் இருந்து பேச்சு வரவில்லை. போகாதீங்க என்று அந்தக் கண் சொன்னது. இன்னும் ஐந்து நிமிஷம் என்று உட்கார்ந்தார். மூன்று நாள் தூங்காத உடம்பு. தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது அவருக்கே தெரியாது.

காலை ஆறே முக்காலுக்கு வார்டுச் சுவரில் மணி அலறியபோதுதான் எழுந்தார். குழாயில் அழுத்தம் இறங்கினால் அடிக்கிற மணி அது என்று அங்கே இருந்தவர்களில் அவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். படிகளில் விழுந்தடித்து ஓடினார்.

சிறகுகளைக் காணோம். அவை நின்ற இடத்தில் இரண்டு வெள்ளைச் சுவர்கள் நின்றன. தகடு தெரியவில்லை, குழாய் தெரியவில்லை, இடுக்கெல்லாம் பனி அடைத்து ஒரே பாளமாகிவிட்டது. காற்று இல்லை, வெயில் இல்லை, பொடித் தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. விழுகிற தூறலும் அதன் மேலேயே உறைந்தது. முள் மூன்றுக்கும் கீழே. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் வரிசை தானாகத் திறந்துகொண்டிருந்தது. முப்பது கட்டில் கணக்குக்கு வைத்தது அறுபத்திரண்டு பேருக்கு எத்தனை நேரம் வரும்? அதுவும் காலியாகிக்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் குடையில்லாமல் ஓடி வந்தார். தொட்டியின் அளவுமானியைப் பார்த்துவிட்டு அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

“முக்கால் தொட்டி இருக்கேய்யா! அப்புறம் ஏன் மேல வரல?”

“இருக்குங்கய்யா. எல்லாம் தண்ணியா இருக்கு. காத்தா மாற மாட்டேங்குது.”

“அப்ப இன்னும் கொஞ்சம் தொறந்து விடு!”

“தொறந்தா தண்ணியாவே குழாய்ல போயிடும். குழாய் கண்ணாடி மாதிரி நொறுங்கிடும். உள்ள நொழையாம இருக்க இன்னும் இறுக்கத்தான் வேணும்.”

சொல்லிக்கொண்டே வலது வால்வை மூடி, இடது வால்வையும் பாதிக்குக் குறைத்தார். குறைத்தால் முள் இன்னும் இறங்கும் என்று தெரியும். தெரிந்தே குறைத்தார். வேறு வழியில்லை. அந்த வால்வைத் திருகும்போது பதினோராம் கட்டிலின் குழாயையே நெரிக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. வாய்விட்டு அழுதுகொண்டேதான் திருகினார்.

மின்சாரக்காரர் ஒரு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நாலு போடு போட்டா உதிர்ந்துடும்ணே.”

“குழாய் விரிஞ்சா மொத்தமும் போச்சு. கீழ போடு.”

“அப்ப நெருப்பு காட்டலாமா?”

“ஆக்சிஜன் பக்கத்துல நெருப்பா? வார்டே இருக்காதுடா! தண்ணி கொண்டாங்க. தண்ணி!”

“கொதிக்க வைக்கவா?” என்றார் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தவர்.

“கொதிக்க வைக்க எங்க நேரம்? இந்தப் பனிக்குப் பச்சத் தண்ணியே வெந்நிதான். அள்ளிட்டு வாங்க!”

ரப்பர் குழாய் இருந்தது. அதில் வருகிற தண்ணீர் செடிக்குத்தான் காணும். தண்ணீர் நிறைய இருந்தது சலவை அறைத் தொட்டியில், நாற்பதடி தள்ளி. பனிக்காரர் வராந்தாவைப் பார்த்துக் கத்தினார். அங்கே நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். முதலில் இறங்கி வந்தது ஒரு தையல்கார அம்மா. முந்தின ராத்திரி கடையிலிருந்து நேரே வந்தவர் போல, அளவு நாடா கழுத்திலேயே தொங்கியது. பன்னிரண்டாம் கட்டிலில் இருந்த பெரியவரின் மகள். டீச்சருக்குப் பக்கத்துக் கட்டில் என்பதால் மூன்று நாளாக முகப் பழக்கம். துடைப்பக்காரர் வைத்திருந்த பக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் ஓடினார்கள். பக்கெட், அண்டா, துணி அலசுகிற தொட்டி, கைக்குக் கிடைத்ததெல்லாம் வரிசையில் கைமாறி வந்தது.

எல்லாத் தண்ணீரையும் வலது சிறகின் மேலேயே ஊற்றச் சொன்னார். முதல் பத்துப் பக்கெட் போன இடம் தெரியவில்லை. ஊற்றின தண்ணீரும் அதன் மேலேயே உறைந்து பனி இன்னும் தடித்தது. கூட்டம் சோர்ந்து நின்றது. “நிக்காதீங்க! உறையறப்பகூடத் தன் சூட்டக் குடுத்துட்டுத்தான் உறையும். ஊத்துங்க!” என்று கத்தினார். அது டீச்சரின் வாக்கியம். அதை எந்த வருஷம், எந்த அடுப்படியில் கேட்டாரோ, இப்போது வாயில் வந்தது.

நடுவில் தலைமை நர்ஸ் மாடி ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தார்: “சின்ன சிலிண்டர் ஒம்பதுதான் இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு போட்டுட்டேன். கவலப்படாம அதப் பாருங்க!” பனிக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. மீதி ஐம்பத்து மூன்று பேரைப் பற்றி அந்த நிமிஷம் அவர் நினைக்கவில்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, நினைக்கவேயில்லை.

தையல்கார அம்மா கொண்டு வந்த பக்கெட்டுகளுக்குக் கணக்கில்லை. ஈரச் சேலை காலில் சுற்றி இரண்டு தடவை விழுந்தார். எழுந்ததும், “எங்கப்பாவுக்கு வருமாண்ணே, காத்து?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் திரும்பி ஓடினார்.

ஏழு பதினெட்டுக்கு ஒரு சத்தம் கேட்டது. வலது சிறகின் நடுவிலிருந்து கதவகலத்துக்கு ஒரு பனிப் பாளம் கழன்று சிமெண்டில் விழுந்து உடைந்தது. அலுமினியம் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தது. பனிக்காரர் வலது வால்வைத் திறந்து, காதைக் குழாயில் வைத்துக் கேட்டார். உள்ளே சீறிக்கொண்டு ஓடியது காற்றுதான். இடது வால்வை அடைத்தார். முள் மூன்றைத் தாண்டி, மூன்றரை ஆகி, ஏழரைக்கு நான்கில் நின்றது. கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள்.

எட்டு மணி வரை இடது சிறகுக்கும் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாக்கிவிட்டுத்தான் கொட்டகை வாசலில் உட்கார்ந்தார். விரல்கள் மரத்து வெளுத்திருந்தன. தலைமை நர்ஸ் இறங்கி வந்தார்.

“டீச்சர் முழிச்சிட்டாங்க. மூச்சு பரவால்ல. உங்களத்தான் தேடுறாங்க.”

எழுந்தவர் நின்றார். “மத்தவங்க எல்லாம்?”

நர்ஸ் தூணைப் பார்த்தார். “பன்னெண்டாம் கட்டில் பெரியவர் போயிட்டாரு. ஏழு பத்துக்கு.”

ஏழு பத்துக்கு அந்தப் பெரியவரின் மகள் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். பதினோராம் கட்டிலில் சிலிண்டர் இருந்தது, பன்னிரண்டில் இல்லை. பனிக்காரர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி கழித்துத் தையல்கார அம்மா வந்தார், பின்னாலேயே தலைமை நர்ஸும். அழுது முடித்த முகம். கையில் அதே பக்கெட்.

“இத எங்கண்ணே வைக்கணும்? துடைக்கறவர்கிட்ட பிடுங்கிட்டு வந்துட்டேன்.” பக்கெட்டை வைத்துவிட்டு நின்றார். “நீங்க மட்டும் இல்லன்னா இன்னும் எத்தன பேர் போயிருப்பாங்களோ. எங்கப்பாவுக்கு நேரம் அவ்வளவுதான் போல. நீங்க நல்லா இருக்கணும்ணே.”

கும்பிடக் கையைத் தூக்கினார். பதினாறு வருஷத்தில் அந்தக் கொட்டகைக்கு வந்து ஒருவர் அவரைக் கும்பிடுவது அதுதான் முதல் தடவை. வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மழையின் மேல் பழியைப் போட்டால் மழையா வந்து மறுக்கப்போகிறது?

“கும்புடாதம்மா,” என்றார். “நான்தான். ரெண்டையும் சேர்த்துத் தொறந்து விட்டது நான்தான். சாயந்தரம் தொறந்தேன். எட்டு மணிக்கு மூடியிருக்கணும். மூடல. என் சம்சாரம் கையப் பிடிச்சுக்கிட்டா, அப்படியே உக்காந்துட்டேன். இருந்த சிலிண்டர்ல ஒண்ணும் அவளுக்குத்தான் போச்சு.”

தையல்கார அம்மா அவருக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தார். எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி மெதுவாகப் படித்தார்.

“இது யார் எழுதினது?”

“நான்தான்.”

நர்ஸுக்குத் தாங்கவில்லை. நடுவில் புகுந்தார். “அம்மா, டாக்டர்தான் சொன்னாரே. உங்க அப்பாவுக்கு எப்படியும் இன்னிக்கோ நாளைக்கோன்னு.”

“நாளைக்குன்னா,” என்றார் தையல்கார அம்மா, “நாளைக்கு வரைக்கும் எனக்கு அப்பா இருந்திருப்பாரு.”

குரல் உயரவில்லை. பனிக்காரரைத் திட்டவும் இல்லை. கழுத்தில் கிடந்த அளவு நாடாவை எடுத்துச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மழையில் நனைந்தபடி பிரதான கட்டிடத்தைப் பார்த்து நடந்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது பனிக்காரருக்கு.

அவர் உடனே மாடிக்குப் போகவில்லை. பெரிய டாக்டரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னார். எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார். வேறு ஆள் கிடைக்கிற வரைக்கும் நீயே பார் என்றார்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு சிறகை மூடி மற்றதைத் திறந்தார். ஓய்வில் நின்றதன் மேல் தானே நின்று தண்ணீர் ஊற்றினார்.

சாயங்காலம் ஆறு மணிக்குச் சிறகை மாற்றிவிட்டுத்தான் மாடிக்குப் போனார். பன்னிரண்டாம் கட்டிலில் விரிப்பை எடுத்து மெத்தையைத் துடைத்து வைத்திருந்தார்கள். டீச்சர் அதைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். கையை நீட்டினார். பனிக்காரர் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்போது டீச்சரின் கண்ணோரத்திலிருந்து வழிந்தது முகமூடியின் வாருக்குள் போயிற்று. பிடி இன்னும் இறுகியது.

“எட்டு மணிக்கு நான் போகணும்,” என்றார் பனிக்காரர்.

டீச்சர் தலையாட்டினார். ஆனால் விரல்கள் விடவில்லை. எட்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பனிக்காரர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கடைசி விரலுக்கு வெகுநேரம் ஆனது. கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய், இடது சிறகை மூடி வலது சிறகைத் திறந்தார்.